தேயிலைச் செடி யாரை உள்ளே விடுகிறது?

நோர்வூட்டில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் வெயில் முகம் காட்ட நாளாகும். காசல்ரீ நீர்த்தேக்கம் பகலிலும் மூடுபனிக்குள் கிடக்கும். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் நனைந்தபடியே கொழுந்தெடுப்பார்கள். அப்படியொரு நாளில், கவ்வாத்து முடிந்து புதிதாகத் தளிர்த்து வரும் மலைக்குள் போய், இளம் இலையொன்றைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய்த் துளி பட்ட கடதாசிபோல ஒளி ஊடுருவும் ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி ஊசிமுனை அளவில் தென்பட்டால், அந்த இலைக்குள் ஏற்கெனவே ஆள் புகுந்தாயிற்று. சில நாளில் புள்ளி வட்டமாக விரியும். இலையின் மேற்பக்கம் பளபளவென்று குழியும். அதே இடம் அடிப்பக்கத்தில் கொப்புளமாக உப்பும். அதன்மேல் வெல்வெட்டுத் துணிபோல வெள்ளை பூக்கும். அந்த வெள்ளை முழுக்க வித்திகள். காற்று அவற்றை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கிவிடும்.

கொப்புள நோய் என்பது புத்தகப் பெயர். தோட்டத்தில் ‘பிளிஸ்டர்’ என்றால்தான் சட்டென்று புரியும். செய்வது ஒரு பூஞ்சணம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பங்கசு என்று படித்திருப்பீர்கள். அசாமில் 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்த இந்த நோய்க்கு 1898இல் எக்சோபசிடியம் வெக்சன்ஸ் என்று பெயரிட்டவர் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் ஜோர்ஜ் மசி. 1946இல் நோய் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. இது முற்றல் இலையைச் சீண்டுவதில்லை. நாம் கூடையில் போடும் அந்தக் கொழுந்துதான் அதற்கும் வேண்டும்.

இனி அதே செடியின் அடியில் முள்ளுக் குத்தி, நூல்போன்ற வேர் ஒன்றைக் கிள்ளி எடுத்தால் அங்கேயும் ஒரு பூஞ்சணம் இருக்கும். அதுவும் செடியின் கலத்துக்குள்ளேயே இருக்கும், அதுவும் செடியின் உணவைத் தின்னும். ஆனால் இந்த முறை செடியே வா என்று அழைத்துக் கதவைத் திறந்திருக்கிறது. தாவர அறிவியலில் இன்று மும்முரமாக ஆராயப்படும் கேள்விகளில் ஒன்று இந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்ணும் மூக்கும் இல்லாத செடி, இருவரும் பூஞ்சணமாக இருக்கையில், ஒருவரைத் துரத்தவும் மற்றவரைச் சேர்த்துக்கொள்ளவும் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறது?

கேள்வியின் ஒரு முனை நம்முடைய மலையகத்திலேயே இருக்கிறது. தேயிலைக்கு முன்னால் இங்கே கோப்பி. 1870களின் இறுதியில் இலங்கையில் சுமார் 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. 1869இல் மடூல்சீமைப் பக்கம் சில கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சண அறிஞர் பெர்க்லி அதற்கு ஹெமிலீயா வாஸ்ரட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். ‘வாஸ்ரட்ரிக்ஸ்’ என்றால் பாழாக்குபவள். தோட்டத் துரைமார் அந்தப் பெயரைக் கேலியாகத் திரித்து ‘டெவஸ்டேட்டிங் எமிலி’ என்றார்கள். கோப்பிச் செய்கையைத் தமிழில் பாடிய ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்ததும் அதே 1869இல்தான். கும்மி கொட்டி முடிப்பதற்குள் கோப்பிக்கு முடிவு தொடங்கிவிட்டது.

இந்தத் துருநோயை ஆராய 1880இல் அரசு அழைத்து வந்தது ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை. வயது 26. இரண்டு ஆண்டுகள் இங்கே இருந்தார். நோய் எங்கிருந்து வருகிறது என்பதில் அப்போது ஆளுக்கொரு கதை. மண் கெட்டுவிட்டது என்றார்கள், மரம் களைத்துவிட்டது என்றார்கள். வார்ட் கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் தடவித் தோட்டத்துக்குள் காற்றுப் படும் இடங்களில் வைத்தார். பிறகு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்தவற்றில் துருவின் வித்திகளும் இருந்தன. நோய் காற்றில் வருகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. ஈரமான இலையில் விழுந்த வித்தி ஒரு நாளுக்குள் முளைத்து, இலைவாய் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதையும் காட்டினார். நுழைந்த பிறகு மருந்து பூசிப் பயனில்லை. முளைக்கும் முன்பே இலையின் மேல் மருந்து இருக்க வேண்டும். மலைமலையாக இடைவெளியே இல்லாமல் ஒரே செடியை நட்டிருப்பது காற்றில் வரும் நோய்க்குப் பாதை போட்டுக் கொடுத்ததுபோல என்றும் எழுதினார். துரைமார் எதிர்பார்த்தது ஒரு மருந்து. கிடைத்தது ஒரு விளக்கம். ஏமாற்றத்தோடுதான் வழியனுப்பினார்கள்.

கோப்பி போயிற்று. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. இந்தத் துருநோயால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகினார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது சும்மா, அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே அவர்கள் தேநீருக்கு அடிமை. மாறியது இங்குள்ள வாழ்க்கை. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் ஆள் அதிகம் தேவை. பலர் வந்து வேலை செய்துவிட்டு ஊர் திரும்புவார்கள். கொழுந்து ஆண்டு முழுக்கத் துளிர்க்கும், ஆண்டு முழுக்க ஆள் கேட்கும். குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கிப்போனதற்கு ஒரு காரணம் கோப்பி இலையின் அடியில் படிந்த அந்தச் செம்மஞ்சள் தூள்.

வார்ட் கேள்வியைக் கையோடு கொண்டுபோனார். 1895இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரான பின்பு, கோப்பிக்குப் பதிலாக புரோம் என்னும் புல்லையும் அதைப் பிடிக்கும் துருவையும் எடுத்துக்கொண்டார். சில புரோம் வகைகள் துருவுக்கு இரையாகின்றன, சில தப்புகின்றன. ஏன்? தப்பும் புல்லுக்கு இலை தடிப்பா, உரோமம் அதிகமா, இலைவாய் சிறியதா என்று அளந்து பார்த்தார். எதிலும் விடை இல்லை. நுணுக்குக்காட்டியில் தெரிந்தது வேறு. தப்பும் புல்லிலும் பூஞ்சணம் உள்ளே நுழைகிறது. ஆனால் அது தொட்ட இடத்துக் கலங்கள் உடனே செத்துவிடுகின்றன. உயிருள்ள கலத்தை மட்டுமே தின்னத் தெரிந்த பூஞ்சணம் செத்த கலங்களுக்கு நடுவே பட்டினி கிடந்து மாய்கிறது. 1902இல் இதை வெளியிட்டார். 1915இல் அமெரிக்காவில் ஸ்டேக்மன் இதற்கு ‘மிகை உணர்திறன்’ என்று பெயர் சூட்டினார். தாவர நோய் எதிர்ப்பைப் பற்றிய எந்தப் பாடநூலிலும் இன்று அது ஒரு அத்தியாயம். வார்ட் சொன்ன எல்லாமே சரியென்று இல்லை. ஒரு துரு இடைப்பட்ட புல்வகை ஒன்றில் பழகிக்கொண்டு, எதிர்ப்புள்ள வகைக்குப் பாலம் போட்டுத் தாவும் என்று நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு அவரிடம் பிடித்தது, நோயோடு கூட்டுவாழ்க்கையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தது. அவரையினத்து வேர் முடிச்சுகளை ஆராய்ந்தார். இஞ்சி பியர் புளிப்பதில் மதுவமும் பக்ரீரியாவும் சேர்ந்து வேலை செய்வதை 1892இல் விவரித்தார். 1899இல் ஒன்றியவாழ்வு பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இரண்டு பொருளும் ஒரே பொருள்தான் என்று நூறு ஆண்டு கழித்து மரபணு ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் அப்போதே நின்றுகொண்டிருந்தார்.

அவர்கள் கண்டது என்ன? நம் இரத்தத்தில் வெண்கலங்கள் ஓடித் திரிந்து கிருமியைத் தேடும். செடிக்கு அப்படிக் காவற்படை இல்லை. ஒவ்வொரு கலமும் தன் வாசலைத் தானே காக்க வேண்டும். வாசலில், கலத்தின் மென்சவ்வில், வாங்கிகள் என்ற புரதங்கள் நட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றில் சில கைட்டினுக்கு. இறால் ஓட்டிலும் கரப்பான்பூச்சி ஓட்டிலும் உள்ள அதே கைட்டின்தான் பூஞ்சணத்தின் சுவரிலும் இருக்கிறது. செடியில் அது கிடையாது. ஆகவே கைட்டின் துணுக்கு வந்து ஒட்டினால் வெளியாள் வந்துவிட்டான் என்று பொருள். கலத்துக்குள் கல்சியம் பாயும், அரிக்கும் ஒட்சிசன் சேர்வைகள் கிளம்பும், சுவர் தடிக்கும், கைட்டினை அறுக்கும் நொதிகள் வெளிவரும். நெல்லில் இந்தக் கைட்டின் வாங்கியை 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு செர்க்1 என்ற கூட்டாளிப் புரதம் வேறொரு செடியில் அகப்பட்டது.

நோய்ப் பூஞ்சணமும் சும்மா இருக்காது. தக்காளி இலையைப் பிடிக்கும் ஒரு பூஞ்சணம், தன் சுவரிலிருந்து உதிரும் கைட்டின் துணுக்குகளைச் செடி காணும் முன் தானே பொறுக்கி மறைத்துவிடும் புரதம் ஒன்றைச் சுரக்கிறது. களவெடுத்தவன் தன் காலடித் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு போவதுபோல. அப்படி மறைந்து நுழைபவனைப் பிடிக்கக் கலத்துக்குள் இரண்டாவது காவல் உண்டு. அது விழித்தால்தான் வார்ட் பார்த்த அந்தத் தற்கொலை நடக்கும்.

வேருக்கு வருவோம். மலையகத்து மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடித்தம். ஆனால் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் பொஸ்பரசைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். நைதரசன்போல அது தண்ணீரோடு நகர்ந்து வேரைத் தேடி வராது. வேர்தான் போக வேண்டும். எட்டும் தூரத்தில் இருந்ததை உறிஞ்சி முடித்தால் வேரைச் சுற்றி ஒரு வெறுமை. அங்கேதான் பூஞ்சணம் கைகொடுக்கிறது. வேரைவிடப் பலமடங்கு மெல்லிய இழைகளை அது அந்த வெறுமைக்கு அப்பாலும் நீட்டி, பொஸ்பரசைக் கொண்டுவந்து தருகிறது. கூலியாகச் செடி சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கிறது; ஒளித்தொகுப்பில் உண்டாக்கியதில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட இதற்குப் போகலாம். கொழுப்பையும் செடியே கொடுக்கிறது என்று தெரியவந்தது 2017இல்தான். இந்தப் பூஞ்சணத்துக்குச் சொந்தமாகக் கொழுப்பு உண்டாக்கத் தெரியாது. இந்த உறவுக்கு 1885இல் ஜேர்மானியர் ஃபிராங்க் வைத்த பெயர் மைக்கொரைசா. நிலத் தாவரங்களில் பத்துக்கு ஏழு இந்த வகைக் கூட்டாளியோடுதான் வாழ்கின்றன. ஸ்கொட்லாந்தின் ரைனியில் 40 கோடி ஆண்டுப் பழைய கற்பாறையில், வேர் என்ற உறுப்பே சரியாக உருவாகாத காலத்துச் செடித் தண்டுக்குள் இதே பூஞ்சணத்தின் அச்சு பதிந்திருக்கிறது.

அழைப்பை விடுப்பது செடி. பொஸ்பரஸ் போதாமல் பசிக்கும் வேர், ஸ்ட்ரைகோலக்டோன் என்ற சேர்மத்தை மண்ணில் கசியவிடும். அதை முகர்ந்த பூஞ்சணம் கிளைவிட்டு வேரை நோக்கி வளரும். 2005இல் ஜப்பானின் அகியாமா குழு இதை நிறுவியது. வேடிக்கை என்னவென்றால், இதே சேர்ம வகை 1966இலேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அப்போது அது சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஸ்ட்ரைகா என்ற களையை முளைக்கவைக்கும் பொருளாகவே தெரிந்தது. நண்பனைக் கூப்பிடும் குரல் கள்வனுக்கும் கேட்கத்தானே செய்யும்.

நண்பனும் பூஞ்சணம். அவன் சுவரிலும் கைட்டின். அப்படியானால் வாசலில் மணி அடிக்க வேண்டுமே? அடிக்கிறது. ஆனால் வேறு சுருதியில். எட்டு அலகு நீளமுள்ள கைட்டின் துணுக்கு வந்தால் செடி பலமாகத் தற்காப்புக்கு எழுகிறது. நான்கு, ஐந்து அலகுத் துண்டுகளை, அதோடு கொழுப்பு வால் ஒட்டிய கைட்டின் துண்டுகளை வேர்ப் பூஞ்சணம் அனுப்புகிறது. அவை கலத்தின் கருவுக்குள் கல்சியத்தைத் தாளம் போட்டதுபோல ஏறி இறங்கவைத்து, உள்ளே வரவேற்கும் வேலையைத் தொடக்கிவிடுகின்றன. 2014இல் ஜப்பானியர் நெல்லில் செய்த சோதனை இன்னும் விசித்திரமானது. செர்க்1ஐ முடக்கிய நெல்லுக்கு நோயை எதிர்க்கும் திறன் குறைந்தது, எதிர்பார்த்ததுதான். கூடவே வேர்ப் பூஞ்சணத்தைச் சேர்த்துக்கொள்வதிலும் அது தடுமாறியது. பகைவனை மறிப்பதும் நண்பனை அழைத்துப் போவதும் ஒரே காவற்காரனின் வேலையாக இருந்திருக்கிறது. துண்டு நீளத்தை மட்டும் வைத்தே செடி ஆள் பிரிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பல சமிக்ஞைகள் சேர்ந்து வரும்போதுதான் முடிவு ஒரு பக்கம் சாய்கிறது.

பசியும் இதில் சேர்த்தி. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பொஸ்பரஸ் பட்டினியை உணரும் புரதம் செடியின் தற்காப்பைத் தாழ்த்துவதையும் காட்டினார்கள். பட்டினி கிடக்கும் செடி காவலைத் தளர்த்தி யாராவது கொண்டுவந்து தருவார்களா என்று பார்க்கிறது. வயிறு நிறைந்த செடி கதவைச் சாத்திவிடுகிறது. பொஸ்பேற்றை அளவுக்கு மீறிப் போட்ட நிலத்தில் வேருக்குள் இந்தப் பூஞ்சணம் குறைவது இதனால்தான்.

இலங்கை 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது, மண்ணில் நுண்ணுயிர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று பலர் பேசினார்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சின் ஓட்டை தெரியும். வேர்ப் பூஞ்சணம் பெரும்பாலும் பொஸ்பரஸ் தூக்கும் ஆள். கொழுந்தாக வாரத்துக்கு வாரம் மலையை விட்டு இறங்கிப்போகும் சத்தில் பெரும்பங்கு நைதரசன். காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தர இந்தப் பூஞ்சணத்தால் ஆகாது. ஆண்டு முடிவதற்குள் தடை தளர்ந்தது, ஆனாலும் 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடிக்கு இறங்கியது. உரமும் எரிபொருளும் பணமும் சேர்ந்து இல்லாமற்போன ஆண்டு அது என்பதையும் மறக்கக் கூடாது.

பொட்டலத்தில் விற்கும் வேர்ப் பூஞ்சணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். தவறணையில், நாற்றின் பையில் மண்ணோடு கலந்து கொடுப்பதற்கு அர்த்தம் உண்டு. வேர் அங்கேதான் முதன்முதலாக ஆள் தேடுகிறது. வயதான தேயிலைக்கு மேலே தூவினால், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பூஞ்சணங்களை மீறிப் புதியவர் இடம் பிடிப்பது கடினம். நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர் கோவாவுக்கும் ராபுக்கும் நோக்கோலுக்கும் இதை வாங்கவே வேண்டாம். கடுகுக் குடும்பத்துச் செடிகள் இந்த உறவை என்றோ முறித்துக்கொண்டவை. கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் உறவு வைத்திருப்பவை. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தின் குடும்பமும் பெரும்பாலும் பூஞ்சணத்தை நம்பாமல், கொத்துக் கொத்தாகத் தூரிகைபோல் வேர் விட்டுத் தானே பொஸ்பரஸ் தேடுவதுதான். (தமிழ்நாட்டார் சவுக்கு என்பது வேறு மரம், நம் தோட்டத்துச் சவுக்கை நீலகிரியில் சில்வர் ஓக் என்பார்கள்.) அதே சவுக்கை வெட்டி, அடிக்கட்டையைப் பிடுங்காமல் விட்டால் உஸ்டுலினா என்ற பூஞ்சணம் அதில் குடியேறி, வேர் வழியே பக்கத்துத் தேயிலைக்குத் தாவிச் செடியைச் சாகடிக்கும். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளர் தோமஸ் பெச் 1923இலேயே தன் புத்தகத்தில் தேயிலையின் வேர் நோய்களை விரிவாக எழுதினார். மண்ணுக்குள் எல்லாப் பூஞ்சணமும் தோழன் இல்லை.

இலைக்கு மேலே நடந்த கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1946க்குப் பிறகு செப்பு மருந்து அடித்தார்கள். நிழல் மரங்களையும் குறைத்தார்கள். கொப்புள நோயின் வித்திக்கு வெயில் ஆகாது, இலை நீண்ட நேரம் ஈரமாக இருந்தால்தான் முளைக்கும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஆலன் கெர், சண்முகநாதன் இருவரும் 1966இல் இந்த நோய் பரவும் விதத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நாளுக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழுந்தது என்ற கணக்கை வைத்து மருந்தடிக்கும் நாளைத் தீர்மானிக்கும் முறை இப்படிப்பட்ட வேலைகளின் வழி வந்தது. முளைக்கும் முன்பே மருந்து இலையில் இருக்க வேண்டும் என்று வார்ட் கோப்பிக்குச் சொன்ன அதே நியாயம்தான் இதற்கும்.

வேருக்குள் இருப்பவரைக் கண்ணால் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. 1998இல் பியர்ஹைலிக் என்பவரும் கூட்டாளிகளும் எழுதிவைத்த வழி இது. மெல்லிய வேரைக் கழுவிப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் கொதிக்கவைத்து நிறம் நீக்க வேண்டும் (தோலை அரிக்கும் பொருள், ஆசிரியர் கையாலேயே நடக்கட்டும்). பிறகு வீட்டு வினாகிரியில் நூற்றுக்கு ஐந்து பங்கு கறுப்புப் பேனா மையைக் கலந்து, அதில் வேரைச் சில நிமிடம் கொதிக்கவைத்து, வினாகிரி சில துளி விட்ட தண்ணீரில் அலசினால் போதும். வேர் வெளுத்திருக்கும், பூஞ்சணம் கறுத்திருக்கும். நுணுக்குக்காட்டியில் வைத்தால் கலங்களின் இடையே இழை ஓடுவதும், இடைக்கிடை அது ஒரு கலத்துக்குள் நுழைந்து சின்ன மரம்போலக் கிளைத்து நிற்பதும் தெரியும். கலத்தின் மென்சவ்வு கிழியாமல் அந்த மரத்தைக் கிளை கிளையாகப் போர்த்தியிருக்கும். கோப்பித் துரு கலத்துக்குள் நீட்டும் உறிஞ்சியையும் மென்சவ்வு இதேபோலத்தான் போர்த்துகிறது. ஒரு வேறுபாடு: வேருக்குள் இருக்கும் மரம் சில நாளே நிற்கும். பிறகு செடி அதைக் கரைத்துத் தின்றுவிடும். பக்கத்துக் கலத்தில் இன்னொன்று கிளைக்கத் தொடங்கியிருக்கும்.